திடீர்க் கீர்த்தியும் சாமானியரும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கரிசலும் சீமைக் கருவேலமும் மாறிமாறி வருகின்றன. மழை பொய்த்த ஆண்டில் மல்லியும் பருத்தியும் கருகிப்போக, கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைக்கவேண்டிய இந்த மானாவாரிச் சீமையின் ஜனங்கள், தங்கள் பெயரை அச்சில் காண்பது கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் அட்டையிலும் மட்டுமே என்றால் அது பெரும்பாலும் உண்மை. அப்படிப்பட்ட ஒருவருடைய வாசலில் ஒரு நாள் ஏழெட்டு மைக்குகளும் நாலைந்து காமிராக்களும் வந்து நின்றால் அவருக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. கீர்த்தியைத் தொழிலாகக் கொண்டவர்கள் எப்போது முகம் காட்டுவது, எப்போது கதவை அடைப்பது என்று அறிந்தவர்கள். அதற்கென்றே ஆள் வைத்திருப்பவர்கள். அந்தப் பயிற்சி இல்லாதவரிடமிருந்து கீர்த்தி எதை எடுத்துக்கொள்கிறது, திரும்பிப் போகையில் எதை விட்டுச் செல்கிறது என்பது சாவகாசமாக எண்ணிப் பார்க்கத்தக்க விஷயம்.

இந்தச் சீமைக்குப் பிரசித்தி புதிதன்று. திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரமய்யரின் மகனாக 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்து, பின்னாளில் ரமணர் எனப்பட்ட வேங்கடராமன், தம்மைத் தேடவேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டு, 1896-இல் மதுரை வீட்டை நீங்கித் திருவண்ணாமலைக்குப் போய், ஆள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் பாதாள லிங்கத்தின் சந்நிதியிலும், பிறகு விரூபாக்ஷ குகையிலும் ஒதுங்கினார். ஒதுங்கியவரைத் தேடி உலகம் வந்தது. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் அவரைச் சந்தித்தது பற்றி 1934-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் கடல் கடந்தும் யாத்திரிகர்கள் வந்தார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் உடலை நீத்த வேளையில் பிரெஞ்சு தேசத்துப் புகைப்படக் கலைஞர் கார்டியே-பிரெஸ்ஸோன் ஆசிரமத்தில் இருந்தார். சீட்டு எழுதிவைத்துப் போன ஞானியையே கீர்த்தி துரத்திப் பிடித்ததென்றால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சம்சாரி அதற்கு எங்கே ஒளிவது?

எதிர்த் திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. எம்.ஜி.ஆர். 1977-இல் முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகத்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1975 ஆகஸ்டு 15-இல், தொடங்கியிருந்தது. அதன் அலை இந்தப் பக்கம் எட்டவில்லை. அவரை இவ்வூரார் அறிந்ததெல்லாம் சினிமாக் கொட்டகையின் திரையில். பார்க்கிறவர்கள் இவர்கள், பார்க்கப்படுகிறவர் அவர் என்ற ஏற்பாடு தெளிவாக இருந்தவரை, பிரபலத்தால் சாமானியருக்குக் கூட்ட நெரிசலைத் தவிர வேறு சங்கடம் எதுவும் விளையவில்லை.

சங்கடம் எங்கே துளிர்க்கிறது என்பதற்கு விருதுநகரில் ஒரு பழைய கதை சொல்வார்கள். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது தாயார் சிவகாமி அம்மையாருக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பிவந்தார் என்றும், மகன் பேரைக் கேட்டு வெளியூர்களிலிருந்து வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சோடா, கலராவது வாங்கிக் கொடுக்க வேண்டுமே, இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பச் சொல் என்று அம்மையார் சொல்லியனுப்ப, மகன் மறுத்துவிட்டார் என்றும் அந்தக் கதை போகிறது. இதை மகனின் தன்னலமின்மைக்கு அத்தாட்சியாகவே மேடைதோறும் சொல்கிறார்கள். அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் தாயின் பக்கமாக நின்று இதைக் கேட்டவர்கள் குறைவு. அவர் தேடிப் போகாத கீர்த்தி அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது இந்த நாட்டில் அவமானம். ஆகவே பிறருடைய ஆவலுக்குரிய செலவு ஒரு கிழவியின் முந்தானை முடிச்சில் வந்து விழுந்தது. சாமானியர் பிரபலத்தோடு உரசும் இடங்களிலெல்லாம் இந்தக் கணக்கு ஏதாவதொரு ரூபத்தில் இருக்கவே செய்கிறது.

தொலைக்காட்சி இந்தக் கணக்கைப் பலமடங்கு ஆக்கிற்று. 1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி தொடங்கியது. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபின் கரிசல் காட்டுக் காரைவீடுகளிலும் பெட்டி ஏறியது. 2011-இல் புதிய தலைமுறையும் அதைத் தொடர்ந்து வேறு பல செய்திச் சானல்களும் வந்து, இருபத்துநான்கு மணி நேரத்தையும் ஏதாவதொன்றால் நிரப்பவேண்டிய நிர்ப்பந்தம் உண்டாயிற்று. நிரப்புவதற்கு மந்திரிகளும் நடிகர்களும் போதவில்லை. அப்போதுதான் சாமானியர் தேவைப்பட்டார்.

அவரிடம் முதலில் வருகிறவர் தாலுகா நிருபர். அவர்களில் பலர் மாதச் சம்பளம் இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். ஒருவர் எடுத்த காட்சியை மற்றவர் பகிர்ந்துகொள்வதும், ஒரே கையில் நாலு சானல் மைக்கைக் கொத்தாகப் பிடிப்பதும் அந்தத் தொழிலின் சகஜம். அவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பகல் பன்னிரண்டுக்குள் ‘பைட்’ போய்ச் சேராவிட்டால் அன்றைய பெட்ரோல் காசு கூடக் கிடைக்காது. விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாசலில் நடப்பதைப் பாருங்கள். “அம்மா, உங்க மகன் எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க” என்று மைக் நீள்கிறது. அந்த அம்மாள் சொல்கிறாள். சொல்லும்போதே உடைந்து அழுகிறாள். “காத்துச் சத்தம் விழுந்திருச்சும்மா, இன்னொரு தடவை மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்கிறார் காமிராக்காரர். அவளும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறாள். முதல் தடவை வந்தது துக்கம். இரண்டாம் தடவை வந்தது நடிப்பென்று அவள் அறியமாட்டாள். ஆனால் தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் அவள் மனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பையனை விட்டு, வந்தவர்களுக்குக் கலர் வாங்கிவரச் சொல்லியிருப்பாள்.

இந்த மாவட்டம் சானல்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட தருணங்களில்தான். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடி விபத்து; 2024 மே 1-இல் காரியாபட்டி ஆவியூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது, அந்தக் கணத்தைப் பதிவுசெய்த கண்காணிப்புக் காமிராவின் காட்சி ஓயாமல் ஓடிற்று. கண்மாய் மேடிட்டது, வரத்துக் கால்வாய் தூர்ந்தது, உள்ளூரில் கூலி வேலை இல்லாததால் பெண்கள் வெடிமருந்து ஆலைக்குப் போவது ஆகியவற்றுக்குக் காட்சி இல்லை. ஆகையால் செய்தியும் இல்லை. காரணம் திரையில் வராமல் காரியம் மட்டும் வருவதால், இந்த ஊர்க்காரர்கள் நாட்டுக்கு நிரந்தரமாக அழுதுகொண்டிருப்பவர்களாகவே தெரிகிறார்கள்.

அழுகைக்கென்று வரும் காமிரா எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது. மணப்பாறைக்கு அருகே ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை மீட்க 25-ஆம் தேதி மாலை தொடங்கிய முயற்சி 29-ஆம் தேதி விடியுமுன் சடலத்தோடு முடிந்தது. நடுவில் அத்தனை நேரமும் நேரலை. அந்த நேரலையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்த பொழுதில் தூத்துக்குடியில் ஒரு பெண் குழந்தை வீட்டுத் தண்ணீரில் மூழ்கி இறந்ததும் அதே நாள்களின் செய்திதான். அந்த நான்கு நாள்களில் குழந்தையின் தாய்க்குத் தன் வீட்டில் தனியாக அழ ஓர் அறை இருந்திருக்குமா என்று எந்த விவாத மேடையிலும் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கீர்த்தி எப்போதும் துக்கத்தின் வழியாகவே வருவதில்லை, கௌரவமாகவும் வரும். மதுரை மாவட்டத்தில் அழகர்கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் விவசாயக் கூலிகளின் கொத்துத் தலைவியாக இருந்து, களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்பு இயக்கத்தை வளர்த்த சின்னப்பிள்ளைக்கு 2001 ஜனவரியில் டில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரப் பெண்மணி திகைத்து நின்ற அந்தக் காட்சி மறுநாள் தேசமெங்கும் பரவியது. அன்றிலிருந்து அவருடைய ஊருக்குப் போகும் பாதை பத்திரிகைக்காரர்களுக்கு மனப்பாடமாயிற்று. 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. ஆனால் பிரதமர் பெயரிலான வீட்டுத் திட்டத்தில் தமக்கு வாக்களித்த வீடு வரவில்லை என்று 2024-இல் அவர் காமிரா முன் சொல்லவேண்டியிருந்தது; சொன்னபிறகு மாநில முதலமைச்சர் வீடு தர உத்தரவிட்டார். பெருமைக்குரிய இந்தச் சரித்திரத்தில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு: கால் நூற்றாண்டாக அவர் முகம் நாட்டுக்குத் தெரியும், அவர் வீட்டுக் கூரை மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்தும் அவர் நிலைகுலையவில்லை. அதற்குக் காரணம் அவருடைய கீர்த்திக்கு முன்பும் பின்பும் ஒரு வேலை இருந்ததும், அந்த வேலையில் அவரோடு ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்ததுமே என்று நினைக்கிறேன். வேலையின்றிக் கீர்த்தி மட்டும் வந்தவர்கள் கதி வேறு.

அதைப் போலவே, பிரபலத்தை நேருக்கு நேர் சந்திக்கும் சாமானியர் ஒரு வாக்கியத்தால் பிரசித்தராகிவிடுவதும் உண்டு. போராட்டக்காரர்கள்மீது நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்களைப் பார்க்க 2018 மே 30-இல் அரசு மருத்துவமனைக்கு வந்த ரஜினிகாந்தை, கட்டிலில் இருந்த ஓர் இளைஞர் நீங்கள் யார் என்று கேட்டார். மாநிலத்தில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது. காமிராக்கள் அதை விடுமா? அன்றிரவுக்குள் அந்தக் கேள்வி கேலியாகவும், கோஷமாகவும், கட்சிக்காரர்களின் ஆயுதமாகவும் ஆயிற்று. எட்டு நாள் முன்பு நடந்த துப்பாக்கிச் சூடும், அந்த இளைஞர் பட்ட காயமும், அவர் என்ன சொல்ல வந்தார் என்பதும் பின்னுக்குப் போயின.

இனி அருப்புக்கோட்டைக்கே வருவோம். 2018 ஏப்ரலில் அவ்வூர்க் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை தம் மாணவியர் சிலரோடு தொலைபேசியில் பேசிய ஒலிப்பதிவு வெளியாயிற்று. பல்கலைக்கழக மேலிடத்தாருக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் வரும் என்று ஆசை காட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 16-ஆம் தேதி அவர் கைதானார். விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று, ஆளுநர் தம் பங்குக்கு ஓய்வுபெற்ற அதிகாரி ஆர். சந்தானத்தை விசாரிக்க நியமித்தார். 17-ஆம் தேதி மாலை ஆளுநர் மாளிகையில் நடந்த நிருபர் கூட்டத்தில், கேள்வி கேட்ட பெண் நிருபர் ஒருவரின் கன்னத்தை ஆளுநர் தட்ட, அதற்கு மறுநாள் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத நேர்ந்தது. அந்த ஒரு கணத்தோடு செய்தியின் மையம் அருப்புக்கோட்டையை விட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தது.

இந்த விவகாரத்தில் உண்மையான சாமானியர்கள் அந்த மாணவியர். அழைப்பை மறுத்ததும் புகார் சொன்னதும் அவர்கள். நெசவும் பஞ்சாலையும் நம்பிய ஊரில் முதல் தலைமுறையாகப் பெண்கள் கல்லூரிக்குப் போவது எத்தனை வீட்டுச் சண்டைகளுக்குப் பிறகு என்பதை அறிந்தவர்களுக்கே அந்த மறுப்பின் கனம் தெரியும். சானல்கள் அவர்களுடைய பெயரையும் முகத்தையும் காட்டவில்லை. சட்டத்துக்குப் பயந்தாவது அந்த மட்டும் காப்பாற்றினார்கள். ஆனால் ஒலிப்பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தது. பெருநகரத்தில் குரலுக்கு முகம் கிடையாது. ஒரு தெருவில் இருப்பவர் எல்லாரும் ஒருவரையொருவர் குரலாலேயே அறியும் சிற்றூரில் குரல் என்பது வீட்டு முகவரி. “அந்தக் காலேஜா?” என்று பெண் பார்க்க வருகிறவர்கள் இழுத்துக் கேட்கும் ஒரு கேள்வியை, அந்த ஒலிப்பதிவோடு கொஞ்சமும் சம்பந்தம் இல்லாத நூற்றுக்கணக்கான பெண்களும் சுமக்க வேண்டியதாயிற்று. குற்றவாளியின் நிலையும் யோசிக்கத்தக்கது. வழக்குக்கு அவர் வந்த நாள்களிலெல்லாம் என்ன உடுத்தினார், எங்கே உட்கார்ந்தார், எப்படித் தளர்ந்தார் என்பதே காட்சியாயிற்று. 2024 ஏப்ரல் 30-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் விரைவு நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர் விடுதலையானார்கள். ஆறாண்டுக்கு முன் நாள்கணக்கில் நடந்த விவாதங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தீர்ப்புக்குக் கிடைத்த நேரம் சொற்பம். மாணவியரின் அந்த மறுப்பால்தான் வழக்கே உண்டாயிற்று என்பது அந்தச் சொற்ப நேரத்தில் எங்கோ அமிழ்ந்துபோயிற்று.

இதே விவகாரத்தில் ஆளுநரைப் பற்றி எழுதியதற்காக 2018 அக்டோபர் 9-இல் கைதாகி, நீதிமன்றம் காவலில் வைக்க மறுத்ததால் அன்றே வெளிவந்த நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் கோபால் பிறந்த ஊரும் அருப்புக்கோட்டைதான். அவருடைய பெயரால் அறியப்படும் 1994-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் விசாரணைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடக்கூடாதென்று அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, அப்படி முன்கூட்டியே தடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிப் பத்திரிகையைக் காத்த அதே தீர்ப்பு, தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றும், குடும்பம், மணம், மகப்பேறு, கல்வி முதலிய அந்தரங்கங்களை அவன் சம்மதமின்றி எவரும் வெளியிடலாகாது, அது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் ஒன்றே என்றும் வகுத்தது. நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதற்கும், தாமே வலிய விவாதத்தில் இறங்கியவர்களுக்கும் விலக்கு அளித்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடலாகாது என்றது. புகழ்ச்சிக்கும் சம்மதம் வேண்டும் என்பது எவ்வளவு நுட்பமான விவேகம்! 2017 ஆகஸ்டு 24-இல் ஒன்பது நீதிபதிகளின் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாகவே பிரகடனம் செய்தது.

தீர்ப்பு சொல்வது ஒன்று. திண்ணையில் நடப்பது வேறொன்று. வெளி உலகிலும் இதே கதைதான். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் வெடிகுண்டுப் பையைக் கண்டுபிடித்துப் பலரை விலக்கிக் காப்பாற்றிய காவலாளி ரிச்சர்ட் ஜூவெல், மூன்று நாள் வீரராகவும், அதன்பின் எண்பத்தெட்டு நாள் சந்தேகக் குற்றவாளியாகவும் காமிராக்களின் முற்றுகையில் கிடந்தார். குற்றமற்றவர் என்று அரசு சொன்ன செய்திக்கு அத்தனை காமிராக்கள் இல்லை. 2007-இல் டில்லியில் ஒரு பள்ளி ஆசிரியைமீது பொய்யான ரகசியக் காமிராக் காட்சியை ஒரு சானல் ஒளிபரப்ப, கூட்டம் அவரை நடுத்தெருவில் அடித்தது. பின்னர் அவர்மீது குற்றமில்லை என்றாயிற்று. சானலுக்கு ஒரு மாதத் தடை. அந்தச் சம்பவத்துக்கு மறு வருஷம், செய்தி ஒளிபரப்பாளர்கள் தாங்களே ஓர் ஒழுங்குமுறைச் சபையை நீதிபதி ஜே.எஸ். வர்மாவின் தலைமையில் அமைத்துக்கொண்டார்கள். அது விதிக்கக்கூடிய உச்ச அபராதம் ஒரு லட்ச ரூபாயாக இருந்தது. இதனால் என்ன பயன் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. உறுப்பினராகாத சானல்களை அந்தச் சபை ஒன்றும் செய்யமுடியாது. உறுப்பினர் சானலாயினும், ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் அந்தச் சானலுக்கே எழுத்து மூலமாகப் புகார் அனுப்பவேண்டும். 2021-இல் மத்திய அரசு கேபிள் சட்டத்தின் விதிகளில் மூன்று படிப் புகார் முறையை ஏற்படுத்தியது. அதிலும் முதல் படி சானலின் வாசல்தான்.

மகனைப் பறிகொடுத்த தாய்க்கு ஏழாம் நாள் இன்னும் துக்க வீடு. அதற்குள் அவள் எழுதித் தரவேண்டும் என்பது, அவளால் முடியாது என்று தெரிந்தே எழுதப்பட்ட விதி போலத் தோன்றுகிறது. தொலைக்காட்சியே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. மைக் வராதிருந்தால் பல பட்டாசு ஆலை மரணங்கள் நஷ்ட ஈடும் இன்றிப் புதைந்திருக்கும். சின்னப்பிள்ளைக்கு வீட்டு உத்தரவும் வந்திராது. ஆனால் தன் கதையைச் சொல்லும் உரிமை தன்னிடமிருந்து போய்விட்டதே என்பதுதான் சாமானியருக்கு நேரும் பெரிய நஷ்டம் என்பது என் முடிவு. பிரபலங்கள் மறுநாள் மறுப்பறிக்கை விடுகிறார்கள். இவர்களுக்கு மறுநாள் ஒரு மைக்கும் கிடைப்பதில்லை.

இதற்குப் பெரிய சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுக்கள் கிராமந்தோறும் முகாம் நடத்தி, பட்டா மாறுதலையும் ஜீவனாம்சத்தையும் விளக்குகின்றன. அதே முகாமில், மைக் முன்னே பேச மறுக்கலாம் என்பதையும், பிள்ளைகளின் படத்தை எடுக்க விடவேண்டியதில்லை என்பதையும், தவறாகக் காட்டிவிட்டால் யாருக்கு எப்படி எழுதுவது என்பதையும் இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரமாகத் தமிழில் அடித்துக் கொடுத்து, எழுதத் தெரியாதவர்களுக்கு அங்கேயே மனு எழுதித் தரவும் ஏற்பாடு செய்யலாம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள வக்கீல்கள் யாரேனும் இதைத் தொடங்கிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.